விளையாட்டு வினையாகுமா?

தோற்றுவாய்

விளையாட்டு வினையாகும் என்பது நம் முன்னோர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளைகள் எல்லை மீறிய போதெல்லாம் இதனைச் சொல்லியே பெரியோர் அவர்களைத் தடுத்தாண்டனர். ஆயின், எல்லா விளையாட்டும் வினையாகுமா? வினையாகும் விளையாட்டையும் ஆகாத விளையாட்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? கைப்பேசியின் ஒளியில் பிள்ளைகளின் முகங்கள் கவிழ்ந்து கிடக்கும் இந்நாளில், இவ்வினா ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் வந்து நிற்கிறது.

இதற்கு விடை காண ஒரு பழைய ஆட்டத்தைத் துணைக்கொள்ள விழைகிறேன். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் ஐஸ் ஹாக்கி ஆட்டம் அது. தமிழ்த்துறை மலரில் இஃது என்ன பேச்சு என்று வினவும் பெரியோர் சற்றே பொறுத்தருள வேண்டும். விளையாட்டு தமிழுக்குப் புறம்பான பொருளன்று. தொல்காப்பிய உரியியல் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்றே பொருள் உரைக்கிறது. இவற்றுள் பண்ணை என்பதற்கு மகளிர் கூட்டம் என்ற பொருளும் உண்டு. கூடியிருத்தலும் ஆடுதலும் ஒரே சொல்லுள் அடங்கிய மொழி நம்முடையது. இதனை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

வெயிலூரில் வந்த பனி

நான் பிறந்து வளர்ந்தது திருச்செங்கோடு. மலையடிவாரம், தெருவெங்கும் விசைத்தறியின் ஓசை, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் புறப்பட்டு இந்தியா முழுவதும் செல்லும் ஊர். அந்நாளில் அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997-ஆம் ஆண்டில்தான் நாமக்கல் தனி மாவட்டம் ஆயிற்று. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு தார்ச்சாலையைக் கடக்க முடியாத அவ்வூரில், பனியை நாங்கள் கண்டது ஐஸ் வண்டிக்காரரின் பெட்டிக்குள் மட்டுமே.

1990-களின் தொடக்கம். எங்கள் தெருவில் ரிக் வண்டியில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், சென்னை பர்மா பஜாரிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட பேமிகாம் என்னும் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் அது. இரண்டு கைப்பிடிகள், மேலே கேசட் செருகும் வாய். கேசட் ஓடவில்லையெனில் அதனைக் கழற்றி, அடியில் வாயால் ஊதி, மீண்டும் செருகுவோம். அதில் எங்களை ஆட்கொண்டது நிண்டெண்டோ 1988-இல் வெளியிட்ட ஐஸ் ஹாக்கி ஆட்டம்.

திரையில் வெண்ணிறத் தளம் விரிந்தது. குட்டை குட்டையான ஆட்கள் காலில் சறுக்கணி பூட்டி ஒரு கறுப்பு வட்டைத் துரத்தினர். தறி நிறுத்திய ஓய்வு வேளையில் வந்து பார்த்த அண்ணனின் ஆத்தா, “ஏங்கண்ணு, அது பூராவும் ஐஸா? இந்த வெயிலுக்குக் கரையாதா?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆயினும் எங்களுக்கும் விடை தெரியாது. முதற்பகுதி முடிந்த இடைவேளையில் தளத்தின்மேல் வண்டிகள் ஓடிவந்து ஏதோ செய்துவிட்டுப் போயின. அவற்றை நாங்கள் ரோடு ரோலர் என்றே நம்பினோம். சறுக்கணிகள் கீறிய பனித்தளத்தைச் சுரண்டி, நீர் தெளித்து, மீண்டும் மெருகேற்றும் வண்டி அது என்பதும், கலிபோர்னியாவைச் சேர்ந்த பிராங்க் ஜாம்போனி என்பார் 1949-இல் அதனை உருவாக்கினார் என்பதும் பல்லாண்டு கழித்து நூலகத்தில் படித்தறிந்த செய்திகள்.

அவ்வாட்டத்தில் ஆறு நாடுகள் இருந்தன: அமெரிக்கா, கனடா, சுவீடன், போலந்து, சோவியத் ஒன்றியம், செக்கோஸ்லோவாக்கியா. சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தது. செக்கோஸ்லோவாக்கியா 1993 சனவரி முதல் நாளில் இரண்டாகப் பிரிந்தது. உலகப் படத்தினின்று மறைந்த பின்னும் எங்கள் தெருத் திரையில் அவ்விரு நாடுகளும் மாலைதோறும் ஆடிக்கொண்டிருந்தன. அந்நாடுகள் இப்போது எங்கே என்று புவியியல் ஆசிரியரிடம் நான் கேட்ட கேள்விக்கு வித்திட்டது அந்தக் கேசட்டே.

மூவகை ஆட்டக்காரர்

இவ்வாட்டத்தின் நுட்பம் ஆள் தேர்வில் உள்ளது. காவலரை விடுத்து நால்வரை ஆடுபவர் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும். ஆட்டக்காரர் மூவகையினர். மெலிந்தவர் விரைவாகச் சறுக்குவார். ஆனால் மோதினால் விழுவார், அடியும் வலுவற்றது. பருத்தவர் மெல்ல நகர்வார். எதிரியை மோதித் தள்ளுவார், அவர் அடித்த வட்டைத் தடுப்பது அரிது. நடுத்தரமானவர் இரண்டிலும் இடைநிலையினர். வலிமை வேண்டின் விரைவை இழக்க வேண்டும். விரைவு வேண்டின் வலிமையை இழக்க வேண்டும்.

தொடக்கத்தில் நாங்கள் நால்வரையும் பருத்தவராகவே தேர்ந்தோம். வட்டு எங்களைக் கடந்து ஓடியது. பின்னர் நால்வரையும் மெலிந்தவராகத் தேர்ந்தோம். வட்டு கையில் நில்லாது பறிபோயிற்று. எல்லாரும் ஒரே தன்மையராக இருக்கும் அணி வெல்லாது என்பதை எந்த ஆசிரியரும் சொல்லாமலே கற்றோம். வட்டுக்காக இருவர் நெடுநேரம் மல்லுக்கு நின்றால் கைகலப்பு மூளும். தோற்ற பக்கத்து ஆள் ஒருவர் தண்டனைப் பெட்டிக்குப் போவார். மீந்தவர் ஆள் குறைவோடு ஆடியாக வேண்டும். ஒருவர் செய்த சண்டைக்கு அணி முழுவதும் விலை கொடுக்கும் என்னும் அறத்தையும் அப்பெட்டி உரைத்தது.

ஆக்கியோர் பெயர்

இத்தகைய ஆட்டங்களைச் செய்தவர் யாவர்? அவற்றுக்கும் ஆசிரியர் உண்டு என்பதை நம்மவர் எண்ணுவதில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடுவதற்கென விற்பனைக்கு வந்த முதற்பெட்டி, 1972-இல் அமெரிக்காவில் வெளியான மேக்னவாக்ஸ் ஒடிசி. ரால்ப் பேர் என்னும் பொறியாளரின் சிந்தனையில் பிறந்தது அது. அதனோடு வந்த ஆட்டங்களுள் ஹாக்கியும் ஒன்று! திரையில் தோன்றியவையோ சில ஒளிப்புள்ளிகள் மட்டுமே. ஆடுகளத்தின் படம் அச்சிட்ட ஒளிபுகும் தாளைத் தொலைக்காட்சித் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். மீதியை ஆடுவோர் கற்பனை நிரப்ப வேண்டும்.

1977-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பெட்டி உலகெங்கும் பரவியது. அதற்கு ஆட்டங்களை எழுதியவர்களின் பெயர் உறையில் அச்சாகவில்லை. மனம் வெதும்பிய நிரலாளர் சிலர் விலகி, 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்கேற்றனர். அங்கே ஆட்டத்தின் கையேட்டில் ஆக்கியோன் பெயர் இடம்பெற்றது. அந்நால்வருள் ஒருவரான ஆலன் மில்லர் 1981-இல் ஆக்கியது ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம். பக்கத்துக்கு இருவர்: ஒருவர் முன்னே பாய்வார், மற்றவர் கோல் காப்பார். ஆட்டம் மூன்று நிமிடம்.

அந்தப் பெட்டியின் செயல் நினைவகம் 128 பைட். அக்காலக் கேசட்டின் வழக்கமான கொள்ளளவு 4,096 பைட். இன்றைய ஒருங்குறி முறையில் கணினியில் சேமிக்கப்படும் தமிழ்க்குறி ஒன்று மூன்று பைட் இடம் கொள்கிறது. அவ்வாறாயின் 4,096 பைட்டில் ஏறத்தாழ 1,365 குறிகளே அடங்கும். ஈண்டு நீங்கள் இதுவரை படித்த பகுதியில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் அடங்காது. அத்துணைச் சிறிய இடத்தில் பனித்தளம், நான்கு ஆட்கள், வட்டின் ஓட்டம், மோதல், கடிகாரம் அனைத்தையும் அடக்கியவரைப் புலவர் எனச் சொல்ல நான் தயங்கேன். குறுகிய அடியில் பெரும்பொருளை அடக்கும் யாப்பைப் பயிலும் தமிழ் மாணவர், இவ்வுழைப்பின் அருமையைப் பிறரினும் நன்கு உணர்வர்.

வினையாகாமைக்கு மூன்று அடையாளங்கள்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அந்தப் பழைய ஆட்டம் எங்களை ஏன் கெடுக்கவில்லை? ஆராய்ந்து பார்த்ததில் மூன்று அடையாளங்கள் தோன்றுகின்றன.

முதலாவது, எல்லை. மில்லரின் ஆட்டம் மூன்று நிமிடத்தில் முடிந்தது. நிண்டெண்டோவின் ஆட்டம் மூன்று பகுதிகளோடு முடிந்தது. கடிகாரம் நின்றதும் வெற்றி தோல்வி உறுதியாயிற்று. “அடுத்தது என் முறை” என்று காத்திருந்தவர் கைப்பிடியைக் கேட்டார். எழுந்து கொடுத்தாக வேண்டும். ஆட்டமே தனக்குக் கரை கட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, துணை. கைப்பிடிகள் இரண்டு. ஒரே பாயில், தோளோடு தோள் உரச, எதிரியும் நண்பனும் ஒருவனே. தோற்றவன் முகம் வாடியதை வென்றவன் கண்ணால் கண்டான். அளவு மீறிக் கேலி செய்தால் மறுநாள் அவன் வரமாட்டான். அவன் வராவிடில் ஆட்டமே இல்லை. பண்ணை என்னும் சொல் கூட்டத்தையும் விளையாட்டையும் ஒருங்கே குறித்ததன் உட்பொருள் எனக்கு விளங்கியது அந்தப் பாயின்மேல்தான்.

மூன்றாவது, பணயம் இன்மை. பெட்டிக்கும் கேசட்டுக்கும் அந்த அண்ணன் ஒருமுறை விலை கொடுத்தார். அதன்பின் அது யாரிடமும் ஒரு காசு கேட்கவில்லை. எங்களுள் எவர் வென்றாலும் எவர் பையும் நிரம்பவில்லை; தோற்றாலும் எவர் வீட்டு அரிசியும் குறையவில்லை.

எல்லை, துணை, பணயம் இன்மை ஆகிய மூன்றும் உள்ள விளையாட்டு வினையாகாது. மூன்றும் இல்லாதது விளையாட்டே ஆகாது. இதுவே யான் சொல்ல விழைந்த கருத்து.

இன்றைய நிலை

இன்று கைப்பேசியில் வரும் ஆட்டங்கள் பலவற்றை இவ்வுரைகல்லில் உரைத்துப் பாருங்கள். அவற்றுக்கு முடிவில்லை, ஒரு கட்டம் முடியுமுன் அடுத்தது அழைக்கிறது. இன்று வராவிட்டால் பரிசு போய்விடும் என்று அச்சுறுத்துகிறது. எதிரே ஆடுபவர் யார் என்பது தெரியாது. மனிதர்தானா என்பதும் தெரியாது. பணமோ சிறுகச் சிறுகக் கரைகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தேர்வுக் கட்டணம் செலுத்தவில்லை. நன்கு படிப்பவர். தந்தையார் இரவும் பகலும் விசைத்தறி ஓட்டிச் சேர்த்த பணத்தைக் கட்டணத்துக்கெனக் கொடுத்திருந்தார். தனியே அழைத்து வினவிய போது நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “முதல்ல அவங்களே அம்பது ரூபா குடுத்தாங்க ஐயா. அதை வெச்சு ஜெயிச்சேன். விட்டதை எடுத்துட்டு நிறுத்திடலாம்னுதான் இருந்தேன்” என்றார். அச்சொற்களைக் கேட்ட கணத்தில் திருக்குறளின் சூது அதிகாரம் என் முன் வந்து நின்றது. சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு அன்றே ஒப்பிட்டார் வள்ளுவர். அந்த ஐம்பது ரூபாய்தான் தூண்டில் முள். அவ்வதிகாரத்தை அம்மாணவருக்கு வகுப்பில் நடத்தியவன் நானே. நடத்தினேன், மதிப்பெண்ணுக்காக நடத்தினேன். அவருடைய கைப்பேசியையும் அக்குறளையும் இணைத்துக் காட்டத் தவறினேன். அந்தக் குற்றவுணர்வே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. தமிழ்நாடு 2022-இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடுவதையும் பணயமின்றி ஆடுவதையும் வேறுபடுத்திப் பார்த்தமை அச்சட்டத்தின் சிறப்பு. ஆயின் சட்டம் தெருவாசல்வரை வரும். பிள்ளையின் படுக்கை விரிப்புக்குள் வராது. அங்கே செல்ல வேண்டியது பெற்றோரின் அன்பும் ஆசிரியரின் சொல்லுமே.

மறுப்பும் விடையும்

“விளையாட்டுப் பெட்டியே வேண்டாம், நூல் படிக்கட்டும், திடலில் ஓடட்டும்” என்பர் சிலர். நல்லெண்ணத்தில் எழும் சொல் இது. திடலுக்கு ஈடாக எந்தத் திரையும் ஆகாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் முற்றும் விலக்கு என்றால் பிள்ளைகள் விலகமாட்டார்கள், மறைப்பார்கள். மறைவில் ஆடுவதே தனிமையில் ஆடுவது. தனிமையில்தான் தூண்டில் விழுகிறது.

“பழைய ஆட்டங்கள் மட்டும் தூயனவா?” என்று வினவுவோரும் உண்டு. இல்லை. 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றில், அடிபட்டு விழுந்தவரின் தலையிலிருந்து குருதி வழிவதாகக் காட்டினர். மறு ஆண்டு வந்த பதிப்பில் குருதியும் கைகலப்பும் நீக்கப்பட்டன. அதே 1993-இல் அந்நாட்டுச் செனட் அவையில் வீடியோ விளையாட்டுகளின் வன்முறை குறித்து விசாரணை நடந்தது. 1994-இல் ஒவ்வோர் ஆட்டமும் எவ்வயதினர்க்கு ஏற்றது எனத் தரம் குறிக்கும் அமைப்புத் தோன்றியது. ஆட்டங்கள் ஒழிக்கப்படவில்லை, வகைப்படுத்தப்பட்டன. நெல்லையும் பதரையும் பிரிக்க முறம்தான் வேண்டும். களத்துக்குத் தீ வைக்க வேண்டியதில்லை.

“நம் மண்ணுக்கு ஒவ்வாத பனியாட்டம் நமக்கு எதற்கு?” என்பது மூன்றாவது வினா. ஹாக்கி நமக்கு அயலதன்று. 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி, இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4–3 என வென்று தங்கம் கொணர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் லேக் பிளாசிட் நகரில், கல்லூரி மாணவர் பலர் இடம்பெற்ற அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி, வலிமை மிக்க சோவியத் அணியை அதே 4–3 கணக்கில் வென்றது. புல்லானாலும் பனியானாலும் கோல் ஒன்றே, முயற்சி ஒன்றே.

பனியாட்டமும் இந்திய மண்ணில் உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களின்மேல் இளைஞர் ஐஸ் ஹாக்கி ஆடுகின்றனர். அம்மண்ணின் பெண்கள் நிறைந்த இந்திய மகளிர் அணி, 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் நகரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றது. அச்செய்தியை நாளிதழின் மூலையில் கண்டபோது, வட்டு என்ன, தண்டனைப் பெட்டி என்ன என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் திருச்செங்கோட்டுப் பாயில் அமர்ந்து கற்றதன் பயன் அது. நல்ல விளையாட்டு, காணாத நாட்டுக்கும் ஒரு சாளரம் திறந்து வைக்கும்.

நிறைவாக

மாணவச் செல்வங்களே! ஆடாதீர் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தைத் தொடுமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: இது எப்போது முடியும்? என் அருகில் யார் இருக்கிறார்? இது என் பையைத் தேடுகிறதா? விடை தவறாயின் விரலை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இழந்துவிட்டீராயின், இழந்ததை மீட்க மீண்டும் இறங்காதீர். ஆசிரியரிடம் வாருங்கள், இகழமாட்டோம். நான் மேலே குறித்த மாணவருக்கு நாங்கள் சிலர் சேர்ந்து கட்டணம் செலுத்தினோம். தந்தையிடம் உண்மையைத் தாமே சொல்ல வேண்டும் என்பது ஒன்றே எங்கள் நிபந்தனை. சொன்னார், தேர்வும் எழுதினார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். சூது அதிகாரத்தை நடத்தும் நாளில், மாணவரின் கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்கச் சொல்லி நடத்துங்கள்.

பெரியோர்களே! பிள்ளை ஆடும்போது வாசலில் நின்று அதட்டுவதை விட, அருகில் அமர்ந்து “இது என்ன ஆட்டம், எனக்கும் சொல்லிக்கொடு” என்று ஒருமுறை கேளுங்கள். அன்று அந்த ஆத்தா அதைத்தான் செய்தார். பனி கரையாதா என்று கேட்ட அவருக்கு ஆட்டம் புரியவில்லை. ஆனால் அவர் எங்கள் அருகில் இருந்தார். அவர் அங்கு இருந்தவரை எங்களுள் எவனும் பிறர்க்குத் தெரியாமல் ஆடவில்லை.

அந்தப் பெட்டி இன்று இல்லை. அண்ணனின் வீடும் மாறிவிட்டது. அன்று ஒரு பாயில் அமர்ந்து சண்டையிட்டு ஆடிய நால்வரும் இன்றும் ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் போய் நிற்கிறோம். விளையாட்டு எங்களுக்கு வினையாகவில்லை, உறவாயிற்று. நம் பிள்ளைகளின் விளையாட்டும் அவ்வாறே ஆகுக.